பதினோரு இலுப்பையும் உன் அறிக்கையும்

தம்பி,

நேற்று சாயங்காலம் நீ போன் செய்து, "அம்மா, வியாழக்கிழமை நீ மண்டபத்துக்கு வராத. வெயில்ல அலையாத, கால் வேற வீங்கிக் கெடக்கு" என்று சொன்னாய். என் கால்மேல் என் பிள்ளைக்கு இவ்வளவு அக்கறையா என்று ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துதான் போனது. அப்புறம்தான் உறைத்தது. "நான் வந்தா உனக்கென்னடா?" என்று கேட்டேன். "நான் மேடையில இருப்பேன்மா. எங்க ஆபீஸ்ல எல்லாரும் இருப்பாங்க, பெரிய அதிகாரிங்க வருவாங்க" என்றாய். "அப்படின்னா கட்டாயம் வரேன்" என்றேன். நீ சத்தம் போட்டாய், நானும் போட்டேன், நீ பாதியில் வைத்துவிட்டாய். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். போனை வைத்துவிட்டால் அம்மா வாயை அடைத்துவிடலாம் என்று உனக்கு யார் சொன்னது?

பக்கத்து வீட்டு சரோஜாவின் மகள் தேன்மொழி இதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறாள். அனுப்புமுன் அவள் படிப்பாள். படிக்கட்டும், ஊரே படித்தாலும் எனக்குக் கவலை இல்லை. அவளுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். செந்துறைப் பக்கம் இருக்கிற நம் ஊரில், நம் கொல்லையை ஒட்டி ஓர் ஓடை போகிறது. ஓடைக்கரைப் புறம்போக்கில் பதினோரு இலுப்பை மரங்கள் நிற்கின்றன. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை அந்தப் பக்கமாக விரிக்கப்போகிறார்கள். ஓடையைத் திருப்பிவிட்டு மரங்களை வெட்டப்போகிறார்கள். அதற்கு ஊர்மக்களிடம் கருத்துக் கேட்கிற கூட்டம்தான் வியாழக்கிழமை, செந்துறைக் கல்யாண மண்டபத்தில். மரங்களை வெட்டலாம், பெரிய நஷ்டம் இல்லை என்று அறிக்கை எழுதிக்கொடுத்த சென்னை ஆபீசில் வேலை பார்ப்பவன் நீ. மரத்தைப் பற்றிய பகுதியை எழுதியவனும் நீதான். உன் அப்பா உயிரோடு இருந்தவரைக்கும் சுண்ணாம்புக்கல் லாரிதான் ஓட்டினார். அந்தத் தூசியைத் தின்றுதான் உன்னைப் பெரம்பலூர்க் காலேஜில் தாவரவியல் படிக்கவைத்தார். அதனால் சுரங்கம் என்றாலே மண்ணை வாரித் தூற்றுகிறவள் நான் இல்லை. வெட்டத்தான் போகிறார்கள் என்றால், ஒன்று போகிறது என்று உண்மையைச் சொல்லிவிட்டு வெட்டட்டும் என்றுதான் சொல்கிறேன்.

போன மாசம் குடிதண்ணீர்க் குழாய்க்கு மனு கொடுக்கப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போயிருந்தேன். அங்கே கிளார்க்குத் தம்பி என்னைக் கண்டதும், "அக்கா, உங்க பையன் எழுதுன புக்கு வந்துருக்கு, பாக்கலியா? தமிழ்லயும் சுருக்கிப் போட்ருக்காங்க. நம்மூர்ப் புள்ளன்னு பெருமையா இருக்குக்கா" என்று எடுத்துக் கொடுத்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். முதலில் உன் பேரைத்தான் தேடினேன். கடைசிப் பக்கத்தில், தயாரித்தவர்கள் வரிசையில் மூன்றாவதாக இருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தேன். அவ்வளவு கூறுகெட்டவளாக உட்கார்ந்திருக்கிறேன், பார். அப்புறம் மரத்தைப் பற்றிய பக்கத்தைப் புரட்டினேன். "உள்ளூர்ப் பெண்மணி ஒருவர் இருபத்தாறு ஆண்டுகளாகப் பராமரித்த குறிப்புகளின்படி, இவ்விடத்தில் உள்ள இலுப்பை மரங்களின் கீழ் ஓர் ஆண்டிலும் கன்று காணப்படவில்லை. மாறிவரும் பருவநிலையில் இம்மரம் இங்கு நீடிக்க வாய்ப்பில்லை. ஆகவே இவற்றை அகற்றுவதால் குறிப்பிடத்தக்க இழப்பு ஏற்படாது" என்று இருந்தது. மூன்று தடவை படித்தேன். யாருடா அந்த உள்ளூர்ப் பெண்மணி? கிளார்க்குத் தம்பி டீ வாங்கி வந்து வைத்தது. அது ஆறிப்போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

தேன்மொழி, உனக்கு இது தெரிந்திருக்காது, கேள். அந்த மரங்கள் சர்க்காருடையவை. ஆனால் எந்த மரத்தடியை யார் கூட்டிச் சுத்தமாக வைத்திருக்கிறார்களோ, அந்த மரத்துக் கொட்டை அவர்களுக்கு. எழுதிவைக்காத சட்டம், ஆனால் யாரும் மீறியதில்லை. நம் ஊரில் கொட்டை பொறுக்குகிற வேலை எங்கள் வீட்டோடுதான் இருந்தது. வைகாசி பிறந்ததும் சருகையெல்லாம் வாரிக் கொளுத்துவோம். தரையில் புல் பூண்டு இல்லாமல் செதுக்கிவிடுவோம். அப்புறம் தினம் விடிகாலையில், ராத்திரி வௌவால் சப்பிப் போட்ட கொட்டையையெல்லாம் கூட்டிக் குவித்துப் பொறுக்குவோம். செக்கில் ஆட்டி வருகிற எண்ணெயில் முதல் டின் அம்மன் கோயில் விளக்குக்கு. அதனால் ஒரே ஒரு கொட்டை தரையில் கிடந்தாலும் அம்மன் சொத்தை வீணாக்கிய மாதிரி எனக்குப் படபடவென்று வரும். "அவ வூட்டுத் தரையவிட மரத்தடி சுத்தமா இருக்கும்" என்று ஊரில் பேசுவார்கள். அந்தப் பேச்சுக்கு நான் மயங்கிக் கிடந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். தம்பி, உனக்கு ஐந்து வயது இருக்கும்போதே உன் உயரத்துக்கு ஒரு குட்டி விளக்குமாறு கட்டிக்கொடுத்தேன். பன்னிரண்டாவது முடிக்கும்வரை, பள்ளிக்கூடம் போகுமுன் மூன்று மரம் உன் பங்கு. இதை மறந்துவிட்டேன் என்று மட்டும் என்னிடம் சொல்லாதே.

சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்த எனக்கு எதையும் கட்டம் போட்டு எழுதுவது ஒரு வியாதி. வருஷம் முடிந்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஐந்து கட்டம் போட்டுக்கொண்டேன். இலை, பூ, பழம், கொட்டை, கன்று. எந்தத் தேதியில் இலை கொட்டியது, எந்தத் தேதியில் முதல் பூ விழுந்தது, எல்லாம் எழுதுவேன். யாரும் கேட்டு எழுதவில்லை. உன் அப்பா லோடு ஏற்றிக்கொண்டு நாள்கணக்கில் போய்விடுவார், நீ சின்னப் பிள்ளை, பேச ஆள் இல்லை. மரத்தோடு ஒரு பேச்சு மாதிரி அது ஆரம்பித்தது. ஐப்பசி மழை ஓய்ந்ததும் மரத்தடியில் ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு, கன்றுக் கட்டத்தில் "இல்லை" என்று எழுதுவேன். இருபத்தாறு வருஷமும் அதையேதான் எழுதினேன். ஏன் இல்லை என்பதற்கு ஆறாவதாக ஒரு கட்டம் போட எனக்குத் தோன்றவில்லை. நான்தான் எல்லாக் கொட்டையையும் கூட்டி அள்ளிவிடுகிறேனே, முளைப்பது எப்படி? தினம் சோறு தின்கிறோம் என்பதை யாராவது நோட்டில் எழுதிவைப்பார்களா? அப்படித்தான் இருந்தது எனக்கு. அந்தத் தப்பு முழுக்க என்னுடையது, அதை உன் தலையில் போட மாட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய பொங்கலுக்கு நீ வந்திருந்தாய். பரணில் ஏறி எதையோ தேடியவன், காலண்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாய். "அம்மா, இது என்னன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாய். "கிறுக்கல்" என்றேன். "நம்மூரு இலுப்பை, இனிமே வரப்போற வெயிலுக்கு என்ன பண்ணப்போவுதுன்னு எல்லாரும் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்குறாங்கம்மா. ஒரே மரத்த இருபத்தாறு வருஷம் யாரும் நேர்ல பாக்கல. நீ பாத்துருக்க" என்றாய். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். சர்வீசில் இருந்த காலமெல்லாம் முட்டை உடைந்ததற்கும் பருப்பு வேகாததற்கும் திட்டு வாங்கிய கை இது. அந்தக் கை எழுதியதைப் பட்டம் வாங்கிய என் பிள்ளை படிக்கிறான், மதிக்கிறான் என்று அழுதேன். இருபத்தாறு காலண்டரையும் மஞ்சள் பையில் போட்டு, மேலே முறுக்கு டப்பாவையும் வைத்து, அரியலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே தூக்கி வந்து ஏற்றிவிட்டேன். ஏமாந்தவள் யாரும் இவ்வளவு சந்தோஷமாக ஏமாந்திருக்க மாட்டாள்.

அன்று ராத்திரி நீ எனக்கு விளக்கிச் சொன்னதை மறக்கவில்லை. அழகாகத்தான் சொன்னாய். நான் எழுதியிருந்ததைத் தேதி தேதியாகப் படித்தாய். முன்பெல்லாம் மாசியில் இலை கொட்டி, பங்குனியில் பூவெடுத்து, சித்திரை முழுக்கக் காலையில் தரை வெள்ளையாகப் பூ கிடக்கும். ஆனிக் கடைசியில் கொட்டை விழ ஆரம்பித்து ஆடியில் முடியும். கொட்டை விழுந்த சூட்டோடு ஒரு மழை பெய்துவிடும். அப்புறம் அப்புறம் எல்லாம் கலைந்தது. ஒரு வருஷம் தையிலேயே பூத்து, பூவெல்லாம் மரத்திலேயே கருகியது. ஒரு வருஷம் பங்குனியில் வராத மழை வந்து பூவை அழுகடித்தது. ஒரு வருஷம் துளிர்த்ததோடு சரி, பூக்கவே இல்லை. கொட்டை வைகாசியிலேயே விழ ஆரம்பித்தது. கையில் எடுத்தால் பருப்பு சுண்டிக் கிடக்கும். "இலுப்பக் கொட்டைக்கு உசுரு கொஞ்ச நாளுதாம்மா. நெல்லு மாதிரி எடுத்துவச்சு அடுத்த வருஷம் வெதைக்க முடியாது. வெயில்ல கெடந்து காஞ்சா செத்துடும். இப்ப கொட்டை சீக்கிரம் வுழுவுது, மழை லேட்டா வருது. ரெண்டும் சந்திக்கறதே இல்ல" என்றாய். "அப்ப என்னடா ஆவும்?" என்று கேட்டேன். "பெரிய மரம் நின்னுடும்மா, வேர் ஆழமா போயிருக்கு. ஆனா புள்ள குட்டி இருக்காது" என்றாய். அதே மூச்சில் நீ, "ஆனா இது உறுதி இல்லம்மா. நெழல், ஈரம் எல்லாம் பாக்கணும். கூட்டறதும் ஒரு காரணம்" என்று சொன்னாய். சொன்னாயா இல்லையா? என் காதில் இன்னும் இருக்கிறது. அறிக்கையில் அந்தக் கடைசி வார்த்தைகள் எங்கே போயின?

இதற்கெல்லாம் முந்தியே உனக்கு அது தெரியும். உனக்குப் பத்து வயது. நாலாவது மரத்துக்குப் பக்கத்தில், விளக்குமாறு போகாத ஒரு கல் இடுக்கில் ஒரே ஒரு கன்று வந்துவிட்டது. நீ அதைச் சுற்றி முள் வைத்து அடைத்து, பள்ளிக்கூடம் விட்டு வந்து தூக்குவாளியில் தண்ணீர் ஊற்றினாய். கன்றுக் கட்டத்தில் எழுதவேண்டும் என்று என் உயிரை எடுத்தாய். நான் எழுதவில்லை. கடலைக் கொல்லைக்கு நிழல் ஆகாது, பெரிதானால் யாரும் வெட்டவும் விடமாட்டார்கள் என்று ஒருநாள் நீ பள்ளிக்கூடம் போயிருந்தபோது பிடுங்கிப் போட்டுவிட்டேன். சாயங்காலம் வந்து பார்த்துவிட்டு நீ போட்ட கூப்பாடு! "கூட்டாம வுட்டா எல்லாம் மொளைக்கும், நீதான் வுடமாட்டேங்குற, நீ கெட்டவ" என்று கத்தினாய். இரண்டு நாள் சோறு தின்னவில்லை. மூன்றாம் நாள் உன் அப்பா வந்துதான் ஊட்டினார். நான் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை, பிள்ளையிடம் போய் என்ன கேட்பது என்று இருந்துவிட்டேன். இன்றைக்குக் கேட்கிறேன், தப்புதான். ஆனால் பத்து வயதில் ஒரு வாக்கியத்தில் சொன்ன உண்மையை, முப்பது வயதில் படித்துப் பட்டம் வாங்கியவன் எழுத மாட்டேன் என்றால் நான் அதை எங்கே போய்ச் சொல்வேன்?

இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. நீ காலண்டரை எடுத்துப்போன அதே வருஷம் ஆனியில் நான் வழுக்கி விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டேன் அல்லவா? சரோஜா எட்டு மரத்தடியைக் கூட்டிக்கொடுத்தாள். ஓடைச் சரிவில் நிற்கிற மூன்று மரத்துக்கு அவள் இறங்கவில்லை, பாம்புக்குப் பயம். அந்த மூன்று மரத்துக் கொட்டையும் அந்த வருஷம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. ஆவணியில் கம்பை ஊன்றிக்கொண்டு மெல்ல நடந்து போனேன். சரிவிலும் ஓடை மணலிலுமாகக் கன்று! செம்புத் துளிரோடு, ஒரு சாண் உயரத்தில், எண்ணினேன், நாற்பத்தொன்று. அங்கேயே நின்று உனக்குப் போன் போட்டேன். "டேய் தம்பி, கன்னு வந்துருக்குடா! கூட்டாம வுட்டதுக்கே வந்துருக்குடா!" என்று கத்தினேன். எடுத்த எடுப்பிலேயே நீ, "யார்கிட்டயாச்சும் சொன்னியாம்மா?" என்று கேட்டாய். "இல்லடா, உன்கிட்டதான் மொதல்ல" என்றேன். "சரி, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். அப்புறம் நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த வருஷத்துக் காலண்டரில் கன்றுக் கட்டத்தில் முதல் முறையாக "உண்டு, நாற்பத்தொன்று" என்று எழுதினேன். இருபத்தாறு காலண்டரை வாங்கிக்கொண்டு போனவன் இருபத்தேழாவதை ஏன் கேட்கவில்லை என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. பெற்ற பிள்ளையை யார் அப்படிச் சந்தேகப்படுவார்கள்?

உனக்குச் சாதகமானதையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் செய்வதும் நீ செய்ததும் ஒன்றாகிவிடும். போன கோடையில் அந்தக் கன்றுகள் செத்தன. சரிவின் மேல்பக்கம் வந்தது ஒன்றுகூடத் தங்கவில்லை, நின்ற வாக்கிலேயே காய்ந்தன. நான் குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றவில்லை. ஊற்றினால் அது மரத்தின் சாமர்த்தியம் இல்லை, என்னுடையது என்று ஆகிவிடும் அல்லவா? பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன், பார்ப்பது கஷ்டமாக இருந்தது. கடைசியில் ஒன்பது மிஞ்சின. ஒன்பதும் கீழே, ஓடைப் படுகையை ஒட்டி, தாய்மரத்து நிழல் விழுகிற இடத்தில், மணலைக் கிள்ளினால் ஈரம் தெரிகிற இடத்தில். கொட்டை உருண்டுபோய் அங்கே சேர்ந்திருக்கிறது, இல்லை வௌவால் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறது. இந்தப் பங்குனி வெயிலிலும் அவை பச்சையாக நிற்கின்றன, என் முழங்கால் உயரத்துக்கு. நான் படிக்காதவள், எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். மேட்டில் இனி இந்த மரத்தால் முடியாது போலிருக்கிறது, பள்ளத்தில் முடியும் போலிருக்கிறது. இடத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டு பிழைக்கப் பார்க்கிறது. நாளைக்கு அந்த ஒன்பதும் செத்துப்போகலாம், நீ எழுதியதே சரியாகவும் போகலாம். அது எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டாய். திருப்பிவிடப்போவதும் அதே ஓடையைத்தான்.

பஞ்சாயத்து ஆபீசில் படித்துவிட்டு வந்த அன்றைக்கே போனில் உன்னைக் கேட்டேன். "எப்புடியும் போற மரம்மா அது. நான் எழுதலன்னா வேற ஒருத்தன் எழுதுவான்" என்றாய். "கூட்டுனத ஏன் எழுதல?" என்றேன். "அதுக்கு டேட்டா இல்லம்மா" என்றாய். "நான்தாண்டா டேட்டா! நீயும்தான்!" என்று கத்தினேன், சரோஜா ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். அப்போது நீ ஒன்று சொன்னாய். "அன்னைக்கி நீதானே புடுங்கிப் போட்ட? அப்ப எங்க போச்சு இந்தக் கவலை?" என்றாய். அடித்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. இருபது வருஷமாக அதை மனதில் வைத்திருந்து, உனக்குத் தேவைப்பட்ட நேரத்தில் எடுத்து என் மூஞ்சியில் வீசினாய். சரி, வீசு. நான் ஒன்றைப் பிடுங்கினேன், கடலைக்காகப் பிடுங்கினேன், பிடுங்கியது நான்தான் என்று உன் முகத்துக்கு நேரே சொல்லவும் செய்தேன். இருபத்தாறு வருஷத்துக்கு என் கையெழுத்தைக் காட்டி, தானாகவே செத்ததுபோல நான் யாரிடமும் எழுதிக் கொடுக்கவில்லை. என் மரத்தை வெட்ட வேறு யாராவது வந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், தோற்றிருப்பேன், ஆறியும் போயிருப்பேன். என் கையாலேயே வெட்டவைத்தாய் பார், அதைத்தான் தாங்க முடியவில்லை.

பெற்றவர்கள் கடிதம் எழுதினால் புத்திமதி சொல்வார்கள். இனி நான் சொல்லி நீ கேட்கப்போகிறாயா என்ன? இருந்தாலும் சொல்கிறேன். மேலே இருக்கிறவர்கள் கேட்கிற பதிலை எழுதுவது நீ கண்டுபிடித்த புதிய வித்தை இல்லை, நானும் அதைத் தின்று வளர்ந்தவள்தான். அதிகாரி வருகிற நாளில் மட்டும் சாம்பாரில் காய் கூடுதலாகப் போட்டு, தினமும் இப்படித்தான் என்று எழுதியிருக்கிறேன். பிள்ளைகள் தட்டைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வை இருக்கிறதே, ரிட்டையர் ஆகியும் போகவில்லை. நீயும் அதே வழியில் போய்விட்டாய் என்று எனக்குத் தெரிகிறது, அது என்னிடமிருந்து வந்ததோ என்றும் பயமாக இருக்கிறது. ஆபீசில் உன்னை மிரட்டினார்களா, கல்யாணம் பேசுகிற நேரத்தில் வேலை போய்விடும் என்று பயந்தாயா, எனக்குத் தெரியாது. அதைச் சொல்லியிருந்தால்கூட நான் உன் பக்கம் உட்கார்ந்து யோசித்திருப்பேன். என்னிடம் சொல்லாமல் என்னைக் கூட்டாளி ஆக்கியதுதான் ஆறவில்லை.

வியாழக்கிழமை நான் வருவேன். சரோஜாவும் வருகிறாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். பேசுகிறவர்கள் பேரைக் கொடுக்க வேண்டுமாம், தேன்மொழி எழுதிக்கொடுத்துவிட்டாள். ஊர்க்காரர்களில் பாதிப்பேர் சுரங்கத்தில் வேலை கிடைக்கும் என்று வாயைத் திறக்க மாட்டார்கள், அவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. மைக்கைப் பிடித்து முதலில் என் குற்றத்தைத்தான் சொல்வேன். அந்தப் பெண்மணி நான்தான், கன்று இல்லை என்று எழுதியதும் நான்தான், வருஷா வருஷம் கொட்டை மிச்சமில்லாமல் கூட்டி அள்ளியதும் நான்தான், அதை எழுதாமல் விட்டதும் நான்தான் என்று சொல்வேன். அந்த ஒன்பது கன்றையும் வந்து பாருங்கள் என்பேன். அதோடு விட்டால், கிழவி ஏதோ புலம்பினாள் என்று குறிப்பில் ஒரு வரி எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். அதனால் மேடையைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "தம்பி, நீ அந்த மரத்தடியக் கூட்டுனியா இல்லியா?" என்று. அம்மா என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், அந்தச் சங்கடத்தை உனக்கு வைக்க மாட்டேன். ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

நீ "கூட்டினேன்" என்று சொன்னால் அந்த அறிக்கை திரும்பிப் போகும், உன் வேலையும் அதோடு போகலாம். தெரிந்துதான் கேட்கப்போகிறேன். பாவி என்று என்னைத் திட்டிக்கொள். நீ "இல்லை" என்று சொன்னால் நான் எதிர்த்துப் பேச மாட்டேன். பெற்ற பிள்ளையை நாலு பேர் முன்னால் பொய்யன் என்று சொல்ல என் நாக்கு புரளாது. மைக்கைக் கொடுத்துவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்துவிடுவேன். மரம் பதினொன்றும், கீழே இருக்கிற ஒன்பதும் உன் ஒரு வார்த்தையோடு முடிந்துவிடும்.

எதைச் சொன்னாலும் கூட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வா. உனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்திருப்பேன். உண்மையைச் சொல்லிவிட்டு வேலை போய் வந்தாயானால், உன் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்து என்ன செய்யலாம் என்று விடியும்வரை பேசுவோம். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தாலும் இலை போடுவேன், கேட்டுக் கேட்டுப் பரிமாற மாட்டேனே தவிர, வயிறு நிறையச் சோறு போடுவேன். பேச மாட்டேன்.